‘நேசென்ட்’ என்னும் சொல்லும் நம் நாற்றங்காலும்

மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர்க்கு அருஞ்சொற்களால் விளையும் இடர் பெரிதன்று. அருஞ்சொல்லாயின் அகராதியை நாடுவோம். பொருள் கண்டு அமைவோம். எளிதிற் பொருள் விளங்கிவிட்டதுபோற் காட்டிப் பின்னர்க் கைக்கு அகப்படாது நழுவுஞ் சொற்களே நம்மை ஏமாற்றுவன. ஆங்கிலத்திலுள்ள ‘நேசென்ட்’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. செய்தித்தாள்களிலும் அறிவியல் நூல்களிலும் பலகாலும் பயின்றுவரும் இச்சொல்லுக்குத் ‘தொடக்கநிலையிலுள்ள’ என்றோ ‘ஆரம்ப கட்டத்திலுள்ள’ என்றோ எழுதிவிட்டு மேற்செல்வது வழக்கமாகிவிட்டது. அது பிழையென்று கூறுவதற்கில்லை, ஆயினும் நிறைவுடையதன்று. தொடக்கம் என்பது காலத்தை மட்டுமே சுட்டும். ஓட்டப் பந்தயத்துக்குந் தொடக்கமுண்டு. நீதிமன்ற வழக்குக்குந் தொடக்கமுண்டு. ‘நேசென்ட்’ என்னுஞ் சொல்லிலோ உயிர் இருக்கின்றது, பிறப்பு இருக்கின்றது, இனி வளரும் என்னும் எதிர்நோக்கு இருக்கின்றது. அச்சொல்லின் பொருளையும் வழக்கையும் விளக்கி, அதற்கு ஈடாக நம் தாய்மொழியும், சிறப்பாக நம் நாஞ்சில் நாட்டு வழக்கும், வைத்திருக்குஞ் செல்வம் யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அச்சொல்லின் பிறப்பைக் காண்போம். லத்தீன் மொழியில் ‘பிறத்தல்’ என்று பொருள்படும் ‘நாஸ்கி’ என்னும் வினையினடியாக எழுந்தது அது. ‘பிறந்துகொண்டிருக்கின்ற’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி வழங்கிவருகின்றது. அதன் உடன்பிறப்புக்கள் பல. பிறந்த மண்ணுக்குரியவனைக் குறிக்கும் ‘நேட்டிவ்’, பிறப்பால் ஒன்றுபட்ட மக்களைக் குறித்தெழுந்த ‘நேஷன்’, இயற்கையைக் குறிக்கும் ‘நேச்சர்’, ஐரோப்பியக் கலைகளின் மறுபிறப்பைக் குறிக்கும் ‘ரினைசான்ஸ்’, நம் ஆண்டவருடைய பிறப்பைக் குறிக்கும் ‘நேட்டிவிட்டி’ ஆகிய யாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. இவ்வுறவு தெரிந்தபின், ‘நேசென்ட்’ என்பதைக் கேட்குந்தோறும் தொட்டிலின் நினைவு நமக்கு எழுதல் வேண்டும்.

இனி வழக்கை நோக்குவோம். இச்சொல் பெயரடையாக வருவது. பெரும்பாலும் கைத்தொழில், கலை, கட்சி, ஆட்சி, இயக்கம் முதலியவற்றோடு சேர்ந்து வரும். 1947-ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற இந்தியாவின் அக்காலத்து மக்களாட்சியை ‘நேசென்ட்’ என்னலாம். இத்தனை தேர்தல்களைக் கண்டபின் இன்றும் அவ்வாறு கூறின் பொருந்தாது. தனி மனிதரையோ கைக்குழந்தையையோ இவ்வடையாற் சுட்டுவது ஆங்கிலத்தின் இயல்பன்று. பிறப்பைக் குறிக்குஞ் சொல்லாயிருந்தும் பிறந்த குழந்தைக்கு அது வழங்காமை வியப்பே. உவமையாகச் சென்ற சொல் உவமித்த இடத்திலேயே தங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

இதனோடு மயங்கத்தக்க சொற்கள் மூன்று. ஒன்று ‘இன்சிபியன்ட்’. அதுவும் தொடக்கத்தையே குறிப்பது. ஆயினும் பெரும்பாலும் வேண்டாதவற்றின் தொடக்கத்துக்கே வரும். கண்ணிற் படரத் தொடங்கும் புரை, சுவரில் ஓடத் தொடங்கும் வெடிப்பு, மக்களிடையே மூளும் பகை ஆகியவற்றுக்கு அது தக்கது. மற்றொன்று ‘எம்ப்ரியானிக்’. கருவில் இருப்பதற்கு அது பெயர். இன்னும் வெளிப்படாத எண்ணத்தையும் திட்டத்தையும் அதனாற் குறிப்பர். மூன்றாவது ‘இன்ஃபன்ட்’. லத்தீனில் ‘பேசாதது’ என்பது அதன் பொருள். பேசாத பருவம் முழுவதையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிட, தமிழோ மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் வரை அக்காலத்தைப் பத்தாகப் பகுத்துப் பிள்ளைத்தமிழ் என ஓர் இலக்கிய வகையே கண்டது. ஆகவே, கருவிலிருப்பது ஒன்று, பிறந்து தலைகாட்டுவது ஒன்று, பேசாது கிடப்பது ஒன்று, தீமையாய்த் தொடங்குவது ஒன்று என நான்கும் வேறாதல் காண்க. இவை நான்கனையுந் ‘தொடக்கநிலை’ என்னும் ஒரே சொல்லால் நிரப்புவோமாயின், நான்கு அளவைகளால் அளந்த நெல்லை ஒரே குவியலிற் கொட்டியவராவோம்.

வேதியலிலும் இச்சொல்லுக்கு ஓரிடமுண்டு. துத்தநாகத்தின்மீது அமிலம் பட்டவுடன் எழும் ஹைட்ரஜன், குப்பியில் அடைத்துவைத்த ஹைட்ரஜனிலும் வினைத்திறம் மிக்கதாகக் காணப்பட்டமையின், அதனை ‘நேசென்ட் ஹைட்ரஜன்’ என 19-ஆம் நூற்றாண்டு வேதியலார் அழைத்தனர். பிறந்த அக்கணத்தில் அணுக்கள் தனித்தனியே நிற்பதால் அத்திறம் உண்டாகின்றது என்பது அவர்தம் விளக்கம். இக்காலத்து அறிஞர் அவ்விளக்கத்தை அப்படியே கொள்வதில்லை; உலோகத்தின் மேற்பரப்பில் நிகழும் எலெக்ட்ரான் பரிமாற்றத்தையே காரணமாகக் கூறுவர். விளக்கம் மாறினும் பெயர் நிலைத்தது. தமிழ்ப் பாடநூல்கள் அதற்குப் ‘பிறவிநிலை’ எனப் பெயரிட்டமை பாராட்டத்தக்கது. சொல்லின் வேரையறிந்து ஆக்கிய மொழிபெயர்ப்பு அது.

ஆனால் ‘பிறவிநிலைக் கைத்தொழில்’ என்றோ ‘பிறவிநிலைக் கட்சி’ என்றோ எழுதினால் தமிழ்ச்செவி ஏலாது. அவ்விடத்து நாம் யாது செய்வது? இவ்வினாவுக்கு விடை காண நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை; தொல்காப்பியத்தைத் திறத்தலே போதும். அந்நூல் அரங்கேறியபோது அதனைக் கேட்ட அதங்கோட்டாசான், நம் மாவட்டத்து விளவங்கோட்டைச் சார்ந்த அதங்கோட்டினர் என்று கூறுவாருமுண்டு. அக்கூற்று எவ்வாறாயினும், அந்நூலின் மரபியல் தொடங்குவதே இளமைப் பெயர்களைக்கொண்டு என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களை வகுத்து, இன்ன உயிரின் இளமைக்கு இன்ன பெயர் உரியதென ஆசிரியர் வரையறுக்கின்றார். பறவையின் இளமை பார்ப்பு. ஆட்டின் இளமை மறி. யானையின் இளமை கன்று, குழவி. ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களை உடன்பட்டு, நெல்லுக்கும் புல்லுக்கும் மட்டும் அவற்றை விலக்குகின்றார்.

இவ்விலக்கு எம் சிந்தையைப் பெரிதுங் கவர்ந்தது. நெல்லுக்கு மட்டும் பிள்ளை என்றும் கன்று என்றும் கூறலாகாமை என்னை? உரையாசிரியர்களின் நுண்மாண் நுழைபுலம் எம்மிடம் இல்லை; எனினும் வயல்வரப்பில் நடப்பார்க்கு ஒரு காரணம் தோன்றும். மாவும் வாழையும் தனித்தனி நின்று வளர்வன. ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளையாக எண்ணிப் பேணலாம். நெல்லோ கூட்டமாகப் பிறந்து, கூட்டமாகப் பெயர்க்கப்பட்டு, கூட்டமாகவே கதிர் சாய்ப்பது. ஒற்றை நெல்லை எவரும் வளர்ப்பதில்லை. ஆதலின் அதன் இளமைக்கு வேறோர் பெயர் வேண்டியதாயிற்று. அதுவே ‘நாற்று’.

நாஞ்சில் என்பது கலப்பையின் பெயர். கலப்பையைத் தன் பெயரிலேயே தாங்கிய இந்நாட்டில், கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைப்பது மரபு. இங்குள்ள முதிய உழவர் ஒருவரிடம் ‘நெற்கன்று எங்கே?’ என வினவின் அவர் நகைப்பர். நெல்லுக்கு நாற்று, கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று, மாவுக்கும் வாழைக்கும் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. இளங்காய்க்கும் அவ்வாறே: மாவுக்கு வடு, தென்னைக்குங் பனைக்குங் குரும்பை, வாழைக்குக் கச்சல், பலாவுக்கு மூசு, வெள்ளரிக்கும் வெண்டைக்கும் பிஞ்சு. இத்தகைய பெயர்களை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் தம் நூல்களில் தொகுத்துக் காட்டியுள்ளார். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிற் பலாவைச் சக்கை என்றும், துவரனுக்கு ஏற்ற அதன் இளங்காயை இடிச்சக்கை என்றும் வழங்குவர். தோவாளை மலர்ச் சந்தையிற் பிச்சியையும் மல்லிகையையும் விற்போர்க்கு அரும்புக்கும் அலர்ந்த மலருக்கும் உள்ள வேறுபாட்டை எவருங் கற்பிக்க வேண்டுவதில்லை. அன்றையப் பிழைப்பே அவ்வேறுபாட்டில் நிற்கின்றது.

இப்பெயர்களின் பெருக்கத்தைக் கண்டு வியந்து நிற்பது மட்டும் போதாது. இவை ஏன் இத்தனை என ஆராயின், ஒவ்வோர் இளமைப் பெயரும் தன்னைப் பேணுவார்க்கு ஒரு கடமையை உணர்த்துவது புலனாகும். ‘நாற்று’ என்றவுடன், இது இருந்த இடத்திலேயே இருக்கலாகாது, உரிய நாளிற் பறித்து நடப்பட வேண்டும் என்பது பெறப்படும். நாள் கடந்து முதிர்ந்த நாற்று நடப்பட்டால் நன்கு தூர் கட்டாது, கதிருஞ் சிறுக்கும். ‘பிள்ளை’ என்றவுடன், நீரூற்றி நாடோறும் பார்த்துவர வேண்டும் என்பது தோன்றும். ‘வடலி’ என்றவுடன் பொறுமை நினைவுக்கு வரும். பனை பயன்தர ஏறத்தாழப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். தென்னை நட்டவன் அதன் பயனை உண்டு மடிவான், பனை நட்டவன் அதனைக் கண்டு மடிவான் என்னுங் கருத்துடைய பழமொழியை நம் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கிறோம். ‘அரும்பு’ தானே மலர்வது. விரல்கொண்டு பிரித்தால் மணம் வாராது. ‘பிஞ்சு’ காற்றுக்கும் பூச்சிக்கும் உதிரத்தக்கது, காக்கப்பட வேண்டியது. காலத்துக்கு முன்னே முதிர்ச்சி காட்டுவாரைப் பிஞ்சிலே பழுத்தவர் எனப் பழிப்பதும் இதுபற்றியே. ‘முளை’யோ, நல்லதாயின் நீர் பெறுவது, தீயதாயின் அப்போதே கிள்ளப்படுவது.

இப்பொழுது மொழிபெயர்ப்பாளனுக்கு வழி திறந்துவிட்டது. ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் ‘இதற்குத் தமிழ் யாது?’ என வினவுவதற்குமுன், ‘இப்பொருள் எவ்வகை இளமையிலுள்ளது?’ என வினவுதல் வேண்டும். மூளும் பகையும் தொடங்கும் ஊழலும் ‘இன்சிபியன்ட்’ எனப்படின் அவை முளைகள். முளையிலே கிள்ளுதல் என்பது நம் வழக்கே. மனத்தளவில் நிற்குந் திட்டம் கருவிலிருப்பது. ‘நேசென்ட்’ என்பது அன்பையோ நட்பையோ சிறப்பித்து வரின் அஃது அரும்பு. புன்னகையும் மீசையும் அரும்புவதாகக் கூறும் மொழி இதுவன்றோ? நம்பிக்கையாயின் துளிர்ப்பது. அரசின் பாதுகாப்பில் வளர்ந்து, பின்னர் அயல்நாட்டுப் போட்டியாகிய திறந்த வயலுக்குச் செல்லவேண்டிய கைத்தொழிலாயின் அது நாற்று. இவை ஒன்றும் பொருந்தாவிடத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ‘இள’ என்னும் அடைமொழி இருக்கின்றது. குமரிக் கடலில் எழும் இளஞாயிறும், சித்திரையில் வரும் இளவேனிலும் நமக்குப் பழக்கமானவை. இளங்குடியரசு, இளந்தொழில் என்பன புதியவாயினும் அவ்வழியில் வருவனவே.

இக்கருத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு சான்றுண்டு. தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷனெறி சங்கத்தின் ஊழியம் 1806-ஆம் ஆண்டில் மயிலாடியில் தொடங்கிற்று. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பே ஜெர்மானியராகிய ரிங்கல்தௌபே ஐயர் அங்கு வரக் காரணமாயிற்று. 1809-ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஆலயம் எழுந்தது. 1816-ஆம் ஆண்டில் உடல்நலங்குன்றிய ரிங்கல்தௌபே ஊழியத்தை வேதமாணிக்கத்தினிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். ஐரோப்பிய ஊழியர் எவருமின்றிச் சென்ற அவ்விடைக்காலத்தில் அச்சபையை எந்நிலையினதென்பது? கருவிலிருந்தது என்னலாகாது, அது பிறந்து பத்தாண்டாயிற்று. பேசாக் குழவி என்னலாகாது. தன் மக்களுள் ஒருவரே தன்னை நடத்துமளவு அது வளர்ந்திருந்தது. ‘நேசென்ட்’ என்பது முற்றும் பொருந்துமிடம் அது. தமிழிற் கூறின் அது நாற்று. 1818-ஆம் ஆண்டில் மீட் ஐயர் வந்து, ஊழியத்தின் நடுவிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றியபோது அந்நாற்று பெயர்த்து நடப்பட்டது.

அதனையடுத்து அவர் நாகர்கோவிலில் நிறுவிய கல்விச்சாலைக்குச் ‘செமினரி’ எனப் பெயர். அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பார் சிலரே. லத்தீனில் ‘செமென்’ என்பது விதை. ‘செமினாரியும்’ என்பது விதைகளை இட்டு வளர்க்கும் பாத்தி, அதாவது நாற்றங்கால். 1563-ஆம் ஆண்டில் திரிதெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கம், குருக்களாக விரும்பும் இளைஞரைப் பயிற்றுதற்கு ஏற்படுத்திய சாலைகளை இப்பெயராற் குறித்தது. பின்னர்ச் சீர்திருத்த சபையாரும் இப்பெயரை மேற்கொண்டனர். நெல்வயல் சூழ்ந்த நாஞ்சில் நாட்டின் நடுவே, நாற்றங்கால் என்னும் பொருளுடைய பெயரோடு ஒரு கல்விச்சாலை எழுந்தது எத்துணைப் பொருத்தம்! அச்செமினரியே படிப்படியாக உயர்ந்து 1893-ஆம் ஆண்டிற் கல்லூரியாகி, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் பெயரோடு இன்று விளங்குகின்றது. நாற்றங்காலில் எவரும் அறுவடை செய்வதில்லை. அங்கிருப்பது முழுவதும் பிறிதோரிடத்துக்கு உரியது. கல்விச்சாலைக்கும் இதுவே இலக்கணம்; மூன்றாண்டுகளில் நாமும் பறித்து நடப்படவேண்டியவர்களே.

‘இவையெல்லாம் பழம்பெருமை, அறிவியல் வளர்ந்த காலத்திற்குப் பொதுச்சொல் ஒன்றே போதும்’ எனச் சிலர் கூறக்கூடும். பொதுச்சொல்லின் தேவையை யாம் மறுக்கவில்லை. வேதியலிற் பிறவிநிலை என்பது பொதுச்சொல்லாக நிற்கட்டும். ஆனால் பொதுச்சொல் வந்து சிறப்புச்சொற்களை விழுங்கிவிடுமாயின் இழப்பு நமதே. நம் மாவட்டத்தில் நெல்வயல்களின் பரப்புப் பெரிதுங் குறைந்துவிட்டது. வயல்கள் தோப்புக்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவருவதை நாடோறும் காண்கிறோம். நாற்றங்காலைக் காணாத பிள்ளைகள் வளர்ந்துவருகின்றனர். சாலையோரத் தோட்டங்களின் விளம்பரப் பலகைகளில் தென்னங்கன்று என்றும் தென்னை நாற்று என்றும் வேறுபாடின்றி எழுதப்படுகின்றன. பலர் வாயில் எல்லாமே ‘செடி’. பொருள் மறையும்போது சொல் மறைவது இயல்பு. சொல் மறையும்போது அது உணர்த்திய கடமையும் உடன் மறைவதே கவலைக்குரியது. ஒரு சிற்றூர் நூல்நிலையத்தைத் ‘தொடக்கநிலையிலுள்ளது’ என எழுதிவிட்டால் அதற்கு யாது செய்யவேண்டும் என்பது எவர்க்கும் விளங்காது. அதனைப் பிஞ்சு என்றால், காற்றடிக்குமுன் காக்கவேண்டும் என்பது கேட்ட அளவிலேயே விளங்கும்.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில் தானே வளரும் விதையைப்பற்றிய உவமை வருகின்றது. விதைத்தவன் உறங்கியும் எழுந்தும் நாட்கழிக்க, அவன் அறியாமலே பயிர் ஒவ்வொரு நிலையாகக் கடந்து மணி முற்றுவதை ஆண்டவர் எடுத்துரைக்கின்றார். வளர்ச்சியைத் தருவது மனிதனன்று என்பது அவ்வுவமையின் உட்பொருள். ஆயினும் எந்நிலையில் நிற்கின்றது என அறிந்து, உரிய நாளில் அரிவாளை எடுக்கும் பொறுப்பு அம்மனிதனுடையதே. நிலையறிதற்குச் சொல் வேண்டும்.

ஆகவே எம் வேண்டுகோள் ஒன்று. நம் கல்லூரியிற் கடற்கரை ஊரினரும், மலையடிவாரத்தினரும், வயற்புறத்தினரும் ஒருங்கு பயில்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியோரிடம் இளமைப் பெயர்களைக் கேட்டு எழுதிவருவாராயின், மீனின் குஞ்சுக்கும், மரத்தின் தளிர்க்கும், காயின் முதற்பருவத்துக்கும் நம் மாவட்டம் வழங்கும் பெயர்கள் யாவும் ஒரு தொகுப்பாகும். எந்த ஊரில், எப்பொருளுக்கு, எப்பருவத்தில் அப்பெயர் வழங்குகின்றது என்பதையும் உடன் குறித்தல் நன்று. அடுத்த ஆண்டு மலரில் அத்தொகுப்பு இடம்பெறுமாயின், ஆங்கிலச் சொற்களுக்கு நேர் தேடி அலையும் மொழிபெயர்ப்பாளர்க்கு அது பெருந்துணையாகும். அம்முயற்சி இப்போது எந்நிலையிலுள்ளது என வினவுவார்க்கு, விதை ஊறப்போட்டிருக்கிறோம் என்பதே எம் விடை. முளை கட்டுவதும் நாற்றாவதும் நம் அனைவர் கையிலும் உள்ளன.